தாயும் புறம்போக்கும்

“டேய், புறம்போக்கு!”

வகுப்பறையின் கடைசி வரிசையிலிருந்து கிளம்பியது அந்தச் சொல். எறிந்தவன் ஏழாம் வகுப்பு மாணவன்; ஏற்றவனும் ஏழாம் வகுப்பு மாணவன். எறிந்தவனை எழுப்பி, “அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன?” என்று கேட்டேன். “ஒண்ணுக்கும் உதவாதவன், சார்” என்றான். ஏற்றவனைக் கேட்டேன். தலை நிமிராமலே, “எங்க வீடு இருக்கிற எடம், சார்” என்றான்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே சொல், ஒருவனுக்கு அது வசை, மற்றவனுக்கு அது முகவரி! ஒரு சொல்லுக்குள் இவ்வளவு பெரிய சதியை ஒளித்து வைத்தவர் யார்?

தோழர்களே! புறம்போக்கு என்பது வசைச்சொல் அன்று, வருவாய்த்துறைச் சொல். ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, கடற்கரைப் புறம்போக்கு என்று கிராமக் கணக்கில் இன்றும் எழுதப்பட்டிருக்கிறது. எவர் பெயரிலும் பட்டா இல்லாத நிலம். எனவே எல்லாருக்கும் பொதுவான நிலம். மழைநீர் தங்கும் இடம், மாடு மேயும் இடம், வலை உலரும் இடம், இறந்தோர் உறங்கும் இடம். இதனால் வரி வரவில்லை என்பதற்காக, இது பயனற்றது என்று முடிவு கட்டினான் கணக்கெழுத வந்தவன். முதலில் நிலம் பயனற்றதாயிற்று. பிறகு அந்நிலத்தில் வாழ்ந்தவன் பயனற்றவனானான். கணக்கேட்டில் பிறந்த இழிவு கடைத்தெருவுக்கு வந்து, கடைசியில் என் வகுப்பறைக்கும் வந்து சேர்ந்தது.

அன்று மாலை எங்கள் கூனிமேட்டுத் தோழர்கள் சிலரோடு படிப்பகத்தில் அமர்ந்திருந்தபோது இதைச் சொன்னேன். ஒருவர் கைப்பேசியை எடுத்து, “அந்தச் சொல்லையே வைத்து ஒரு பாட்டு இருக்கிறதே, கேட்டதில்லையா?” என்றார். ஒரு பாட்டு கேட்கத் தொடங்கினோம். அது நான்கு பாட்டாயிற்று. இரவு பத்து மணி வரை வாதம் வளர்ந்தது. ஆற்றைக் காக்க, காட்டைக் காக்க, கடற்கரையைக் காக்க என்று இன்று பாட்டுகள் பெருகிவருகின்றன. நல்லதுதான். ஆனால் ‘இயற்கையைப் போற்றுவோம்’ என்று பாடிவிட்டால் மட்டும் ஒரு பாட்டு இயற்கையின் பக்கம் நின்றுவிடுமா? அந்த வாதத்தின் பயனே இக்கட்டுரை.

முதலில் வடபுலத்துப் பாட்டு ஒன்று. ‘இந்தியன் ஓஷன்’ என்பது 1990இல் தில்லியில் தோன்றிய இசைக்குழு. மேனாட்டு ராக் இசையின் முழக்கத்தையும் நம் நாட்டுப்புற மெட்டையும் ஒரே மேடையில் ஏற்றி வெற்றி கண்டவர்கள் இவர்கள். சுஷ்மித் சென்னின் கித்தார், அசீம் சக்ரவர்த்தியின் தபலாவும் குரலும், ராகுல் ராமின் பேஸ் கித்தாரும் குரலும், அமித் கிலாமின் டிரம்ஸ் ஆகியவை இணைந்து 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘கந்தீசா’ என்னும் தொகுப்பு, சினிமாவின் துணையின்றியே நாடெங்கும் பரவியது. திரைப்பாட்டே பாட்டு என்றிருந்த காலத்தில் அது எளிய செயல் அன்று.

அத்தொகுப்பில் ‘மா ரேவா’ என்று ஒரு பாட்டு. ரேவா என்பது நருமதை ஆற்றின் மறுபெயர். ஆற்றங்கரை மக்கள் வழிவழியாகப் பாடிவந்த பாட்டை எடுத்து, தாளமும் கூட்டுக்குரலும் சேர்த்து எழுப்பியிருக்கிறார்கள். இதைப் பாடிய ராகுல் ராம் பொழுதுபோக்குக்காக ஆற்றைப் பாடியவர் அல்லர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்தில் சுற்றுச்சூழல் நஞ்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பட்டத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, 1990களின் முற்பகுதியில் நருமதைப் பள்ளத்தாக்குக்குச் சென்று, சர்தார் சரோவர் அணையால் வெளியேற்றப்பட இருந்த மக்களோடு நின்றவர். அவரது நேர்மையில் எனக்கு ஐயமில்லை. பாட்டும் கேட்போரைக் கட்டிப்போடும் பாட்டே. என் கால்களே தாளம் போட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பாட்டு முடிந்ததும், உப்பளத்தில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் கேட்டார்: “ஆத்தத் தாயின்னு கும்பிடுறாங்க, சரி. அணை கட்டுனவங்களும் இதையே பாடலாமே?”

அந்த ஒரு கேள்வி என்னை உலுக்கிவிட்டது. கல்லூரியில் நான் படித்த திறனாய்வு நூல்கள் அத்தனையும் கற்றுத்தராத அளவுகோல் அது. எதிரியும் பாடக்கூடிய பாட்டா இது?

வரலாற்றைப் பாருங்கள். 1961 ஏப்ரல் 5 அன்று நேரு அந்த அணைக்கு அடிக்கல் நாட்டினார். 1985இல் உலக வங்கி கடன் தந்தது. மக்கள் போராட்டம் உலகத்தின் காதில் விழுந்தபின், தானே அமர்த்திய தற்சார்பற்ற குழுவின் அறிக்கை 1992இல் குறைகளை அடுக்கிக் காட்ட, 1993இல் உலக வங்கியின் கடன் நின்றது. ஆனால் அணை நிற்கவில்லை. ‘கந்தீசா’ வெளிவந்த அதே 2000ஆம் ஆண்டு, அக்டோபர் 18ஆம் நாள், கட்டுமானம் தொடரலாம் என்று உச்சநீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. அணையும் உயர்ந்துகொண்டே போயிற்று.

அடுத்து நடந்ததுதான் இன்னும் கசப்பானது. 2016 டிசம்பரில் மத்தியப் பிரதேச அரசே நருமதையைத் தேவியென்று துதித்து ஒரு நெடும்பயணம் தொடங்கி, 2017 மே வரை நடத்தியது. அதே 2017 செப்டம்பர் 17 அன்று, 138.68 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நின்ற அணையை, வழிபாடு நடத்தி, நாட்டுக்கு அர்ப்பணித்தார் தலைமையமைச்சர் மோடி. அதே ஆண்டு ஜூலை இறுதியில், மறுவாழ்வு கிட்டாத மக்களுக்காக உண்ணாநோன்பு இருந்தார் மேதா பட்கர். கட்டியவனும் தாயே என்றான். மூழ்கியவனும் தாயே என்றான். தாய் யார் பக்கம் நின்றாள்? தாய் பேசவில்லை. பேசாதவளைத்தானே தெய்வமாக்க முடியும்!

ஆற்றங்கரை மக்களை நான் குறைகூறவில்லை. ஆற்றை நம்பிப் பிழைத்தவர்கள் நன்றியால் தாயென்றார்கள். அந்த நன்றியை எடுத்து நகரத்து மேடையில் வைத்தபோது, மேடையேற்றியவர்கள் ஒன்றைச் சேர்க்க மறந்தார்கள். அந்த நன்றிக்குரிய வாழ்வு பறிக்கப்படுகிறது, பறிப்பவனுக்குப் பெயருண்டு, முகவரியுண்டு என்ற செய்தியை மறந்தார்கள். பாட்டு ஆற்று நீரின் தெளிவை வாழ்த்துகிறது. பாடுகிறவரோ நீரில் கலக்கும் நஞ்சைப் படித்தறிந்த அறிஞர்! அறிந்தவர் தம் அறிவை வீட்டில் வைத்துவிட்டு, பக்தியை மட்டும் எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தது போலத்தான் எனக்குப் பட்டது.

அதே தொகுப்பில் ‘ஹில்லே லே’ என்று இன்னொரு பாட்டு இருக்கிறது. புரட்சிக் கவிஞர் கோரக் பாண்டேயின் ஆக்கம். மக்கள் திரண்டு வரும் நடையில் உலகம் அதிர்வதைப் பாடுவது. அதை எதிரி பாட முடியாது. பாடினால் அவன் நாற்காலியே ஆடும். ஆற்றைப் பாடும்போது கைகூப்பிய அதே குழு, மக்களைப் பாடும்போது கைமுட்டியை உயர்த்தியிருக்கிறது. இந்த இரண்டு பாட்டும் ஒரே பாட்டாக ஆகியிருந்தால்! அதுதான் அத்தொகுப்பு தவறவிட்ட வாய்ப்பு.

‘தெய்வம் என்றால்தானே மக்கள் மதிப்பார்கள்? மதித்தால்தானே காப்பார்கள்?’ என்று கேட்கும் நல்லவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் விடை ஒரே சொல்: பெண்!

பெண்ணைத் தெய்வமென்று பாடிய நாடு இது. கல்விக்கு ஒருத்தி, செல்வத்துக்கு ஒருத்தி, வீரத்துக்கு ஒருத்தி என்று கோயில் கட்டிக் கும்பிட்ட நாடு இது. கும்பிட்ட கையாலேயே அவளுக்குக் கல்வி இல்லை, சொத்து இல்லை, சொல்லும் இல்லை என்று எழுதிவைத்த நாடும் இதுவே. அவளுக்குச் சொத்துரிமை எந்தத் தோத்திரத்தால் வந்தது? 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, ஆணுக்கு நிகராகப் பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் இயற்றியது. அறுபதாண்டு கழித்து, 1989இல் கலைஞர் அரசு அதைச் சட்டமாக்கியது. பெண்ணைத் தெய்வமென்று சொன்னவர்கள் அவளுக்குத் தந்தது பூமாலை. மனிதப்பிறவி என்று சொன்னவர்கள் தந்தது பத்திரம்.

ஆற்றுக்கும் இதே கதைதான். 2017 மார்ச்சில் உத்தரகண்ட் உயர்நீதிமன்றம், கங்கையும் யமுனையும் உயிருள்ள மனிதர்களுக்கு ஒப்பானவை என்று அறிவித்தது. நாடே மெய்சிலிர்த்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. சிலிர்த்த மெய் அடங்கிற்று, சாக்கடை அடங்கவில்லை.

நம்மையும் நாம் விட்டுவிடக் கூடாது. நம் மேடைகளிலும் ‘காவிரித்தாய்’ என்ற சொல் முழங்கத்தான் செய்கிறது. மணல் அள்ளுபவனும் அந்த மேடையின் முதல் வரிசையில் அமர்ந்து கைதட்ட முடிகிறது என்றால், நம் சொல்லில்தான் எங்கோ ஓட்டை இருக்கிறது!

தமிழனுக்கு இது புதிய பாடமும் அன்று. தொல்காப்பியர் நிலத்தைப் பகுத்தபோது, அந்தந்த நிலத்துக்குரிய கருப்பொருளை வரிசைப்படுத்தினார். அதில் தெய்வம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தெய்வம் மட்டுமா? உணவு உண்டு, விலங்கு உண்டு, மரம் உண்டு, பறவை உண்டு, பறை உண்டு, யாழ் உண்டு. மக்கள் செய்யும் தொழிலும் உண்டு. நெய்தல் என்றால் அலையும் நிலவும் மட்டும் அல்ல; மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் நெய்தல். உழைப்பை நீக்கிவிட்டு நிலத்தைப் பாடும் வழக்கம் சங்கப் புலவனுக்கு இல்லை. இன்றைய சுற்றுச்சூழல் பாட்டுகள் பலவற்றில் மரம் இருக்கிறது, பறவை இருக்கிறது, மேகம் இருக்கிறது. மனிதன் மட்டும் இல்லை. இருந்தாலும் குப்பை போடுகிறவனாகவே இருக்கிறான். அது திணை இல்லாத பாட்டு.

இனி, எங்கள் வாதத்தைத் தொடங்கிவைத்த பாட்டுக்கு வருகிறேன். ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ 2017 பொங்கலையொட்டி வெளிவந்தது. எழுதியவர் கபேர் வாசுகி. பண் அமைத்தவர் ஆர். கே. ஸ்ரீராம்குமார், பாடியவர் டி. எம். கிருஷ்ணா, காட்சியாக்கியவர் ரதீந்திரன் பிரசாத். களம் எண்ணூர். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் கழிமுகம், அனல்மின் நிலையங்களின் சாம்பலாலும் துறைமுக விரிவாலும் தூர்ந்துவரும் கதை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த சென்னைக்கு, ‘நீ மூழ்கியது மழையால் மட்டும் அன்று, நீர் தங்கும் இடத்தை நீயே பறித்ததால்’ என்று இடித்துரைத்தது அந்தப் பாட்டு.

இதன் முதல் வெற்றி சொல்லில் இருக்கிறது. ஆற்றைத் தாயென்று அழைக்கவில்லை, தெய்வமென்று அழைக்கவில்லை, புறம்போக்கு என்று அழைத்தது! கணக்கேட்டில் எந்தச் சொல்லால் அந்நிலம் இழிவுபடுத்தப்பட்டதோ, அதே சொல்லைக் கையில் எடுத்து, துடைத்து, அதன் பழம்பொருளைக் காட்டிற்று. பாட்டைக் கேட்டு முடித்தவன் ‘நானும் ஒரு புறம்போக்கு’ என்று பெருமையோடு சொல்லத் துணிகிறான். ‘சூத்திரன்’ என்ற சொல்லின் இழிபொருளை அவையில் உரக்கச் சொல்லி, கேட்டவர்களைக் கூசவைத்து, எழவைத்தாரே பெரியார், அந்த முறையின் வழிவந்தது இது. இழிவை மறைப்பதால் இழிவு போகாது; வெளிச்சத்தில் நிறுத்தினால் போகும்.

இரண்டாவது வெற்றி இசையில். ஆனந்தபைரவி, பேகடை என்று இராகங்களை மாலையாகக் கோத்து, சென்னைத் தெருப்பேச்சை அதில் ஏற்றியிருக்கிறார்கள். தமிழில் பாடுவதையே துக்கடா என்று ஒதுக்கிய சபாக்கள் இருந்த ஊர் அது; அதற்கெதிராகத் தமிழிசைச் சங்கம் 1943இல் எழ வேண்டியிருந்த ஊர் அது. அந்த ஊரில், அந்த இராகத்தில், தெருவின் வசைச்சொல் ஒன்று நிமிர்ந்து நடந்து வருகிறது! சபாக்காரர்களுக்கு எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதே கிருஷ்ணா பெரியாரைப் பாடினார் என்பதை ஒரு குற்றமாகச் சொல்லி, அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அறிவிக்கப்பட்டபோது 2024 மார்ச்சில் பாடகர் சிலர் அவ்விழாவையே புறக்கணித்தார்கள் என்பதும் நீங்கள் அறிந்ததே.

அளவுகோலை வைத்துப் பார்ப்போம். இந்தப் பாட்டை எதிரி பாடுவானா? கழிமுகத்தில் சாம்பல் கொட்டுகிறவன் தன் ஆண்டுவிழாவில் இதைப் பாடவைக்க முடியுமா? முடியாது. முதல் அடியிலேயே அது அவனைப் பிடித்துவிடும். அதுதான் இதன் வலிமை.

ஆயினும் பாராட்டோடு நின்றுவிட்டால் அது திறனாய்வு ஆகாது. எண்ணூரின் மீனவன் அந்தப் பாட்டில் எங்கே? அவன் நிலம் இருக்கிறது. அவன் குரல் இல்லை. அவனுக்காகப் பாடுகிறார் ஒருவர், அவன் பாடவில்லை. தெருச்சொல்லுக்கு இராகத்தின் மாலை சூட்டியதால் அது மாண்பு பெற்றது என்றால், மாலை இல்லாமல் அதற்கு மாண்பு கிடையாதா? வயல்வெளியில், கடல்மேல், சாவு வீட்டில் அந்தச் சொல்லோடு வாழ்ந்தவனுக்கு இசையில்லையா, பறையில்லையா? இந்தக் கேள்வியைப் பாடியவர்களும் வெறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். கதவைத் திறந்துவிட்டவர்கள் அவர்கள். வெளியே நிற்பவன் உள்ளே வந்து பாட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பெயர் சொல்லிப் பாடுவதால் என்ன வரும் என்று கேட்போருக்கு ஒரு சான்று. கோடைக்கானலில் வெப்பமானி செய்த இந்துஸ்தான் யூனிலீவர் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கிடங்கில் கிடந்தது வெளியானபின், 2001இல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் ஈட்டுத்தொகை கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். 2015இல் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண், கம்பெனியின் பெயரைச் சொல்லி, கணக்கைச் சொல்லி, ஒரு ராப் பாட்டுப் பாடினார். அது உலகெங்கும் ஓடியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. பாட்டே வழக்கை வென்றது என்று நான் சொல்லமாட்டேன். வென்றது தொழிலாளர்களின் நெடிய போராட்டம். ஆனால் அப்போராட்டத்துக்கு ஒரு பாட்டு துணைநின்றது. துணைநிற்க முடிந்தது ஏன்? அது மலையைத் தாயென்று பாடவில்லை. கடன்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

நான்காவது பாட்டு உங்களில் பலருக்கும் மனப்பாடம். 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’. சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் தெருக்குரல் அறிவும் பாடியது. குழந்தைகள் குதித்து ஆடும் அந்தப் பாட்டின் உள்ளே ஓர் ஒப்பாரி ஓடுகிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், மலையகத் தமிழரில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தது, களத்துமேட்டில் நெல் அளப்பது போல! காட்டைத் தோட்டமாக்கியவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் கையகல நிலம் இல்லை. மரம் வளர்த்தவளின் தாகம்தான் அந்தப் பாட்டின் நெஞ்சு.

‘சாமி’ என்ற சொல்லைக் கேட்டதும் பகுத்தறிவாளர் முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் பேரனைப் பாட்டி கொஞ்சும் சொல் அது. ‘மா ரேவா’வில் ஆறு சாமி, இங்கே பேரப்பிள்ளை சாமி. அங்கே மேலே பார்த்துக் கும்பிடுகிறார்கள். இங்கே கீழே குனிந்து, மடியிலிருக்கும் பிள்ளையிடம், ‘இந்த நிலம் நம் பாட்டன் காத்தது, இனி நீ காக்க வேண்டும்’ என்கிறார்கள். நாய்க்கும் பூனைக்கும் இந்த மண்ணில் பங்குண்டு என்று சொல்லும்போதும், அது அருளாக வருவதில்லை, உரிமையாக வருகிறது. உழைப்பும் நிலமும் உயிரும் ஒரே மூச்சில் வருகின்றன. தொல்காப்பியர் வகுத்த திணை மீண்டும் வந்தது போல இருந்தது எனக்கு. புறம்போக்குப் பாட்டில் இல்லாதிருந்த குரல் இதில் இருக்கிறது.

ஆனால் பாருங்கள், நிலம் யாருடையது என்று கேட்ட பாட்டே, ‘பாட்டு யாருடையது’ என்ற வழக்குக்கு ஆளாயிற்று! 2021இல் ஒரு புகழ்பெற்ற இசையிதழின் அட்டையில் தீயின் படம் வந்தது. அறிவின் படம் வரவில்லை. 2022 ஜூலையில் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாடு தொடங்கியபோது, உலகம் பார்க்க அந்தப் பாட்டு மேடையேறியது. அறிவு மேடையில் இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் சொல்லப்பட்டது. ‘எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் நான்’ என்றார் அறிவு. ‘மூவரின் கூட்டுழைப்பு’ என்றார்கள் மற்றவர்கள். 2024 மார்ச்சில், அதுவரை மூவருக்குமே வருவாய் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் கூறினார். யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிக்க நான் நீதிபதி அல்லன். ஆனால் ஒன்று கேட்பேன். அரசு மேடை நம் மேடை. சமூகநீதி பேசும் மேடை. அந்த மேடையில் வள்ளியம்மாளின் கதை பாடப்படும்போது, வள்ளியம்மாளின் பேரன் பெயர் ஓங்கி ஒலித்திருக்க வேண்டாமா? நம்மவர் ஆட்சி என்பதற்காக இதைக் கேளாமல் விட்டால், பிறகு எவரைக் கேட்கும் தகுதி நமக்கு இருக்கும்?

ஆக, அந்த உப்பளத் தோழர் தந்த அளவுகோலுக்கு இன்னொரு முனையும் வேண்டும் என்பதை இந்தப் பாட்டு காட்டிற்று. எதிரி பாட முடியாததாகப் பாட்டு இருந்தால் மட்டும் போதாது. பாடியவனை விலக்கிவிட்டுப் பிறர் பாட முடியாததாகவும் இருக்க வேண்டும். சொல்லை மீட்டது ஒரு பாட்டு. குரலை மீட்டது ஒரு பாட்டு. இனி மீட்க வேண்டியது உரிமையை.

இதை எங்கோ இருக்கும் ஆற்றுக்காக நான் எழுதவில்லை. கூனிமேட்டிலிருந்து வடக்கே சென்றால் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இதுவே என்பர் அறிஞர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் விரைபவர்கள் கண்ணாடியை இறக்கி, வெயிலில் மின்னும் உப்புக் குவியலைப் படமெடுத்துச் செல்கிறார்கள். அழகுதான்! ஆனால் அந்த அழகு விளைவது எப்படி? களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். பாத்தியில் உவர்நீரைப் பாய்ச்ச வேண்டும். வெயில் காய்ச்சிய உப்பைப் பலகையால் வாரிச் சேர்த்துத் தலையில் சுமக்க வேண்டும். உவர்நீர் காலைத் தின்னும். வெண்மையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைத் தின்னும். மழைக்காலம் வந்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உப்பளங்கள் வெள்ளக்காடாயின. கடல் சூடேறினால் புயல் வலுக்கும் என்கிறது அறிவியல். அந்தச் சூட்டை ஏற்றியவன் எவன்? அதில் நனைந்தவன் எவன்?

அருகிலேயே கழுவெளி. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்று உலகப் பெருமை பெற்றது. மகிழ்ச்சி! கடல் கடந்து வரும் பறவைக்கு இடமுண்டு என்று எழுதியாயிற்று. அதன் கரையில் தலைமுறை தலைமுறையாக மீனும் நண்டும் பிடித்துப் பிழைப்பவனுக்கு இடமுண்டு என்று எழுதியாயிற்றா? பறவைக்கும் அவனுக்கும் பகையில்லை. இருவரும் ஒரே நீரை நம்பியவர்கள். நீரைக் காக்கும் பாட்டு இருவரையும் சேர்த்துத்தான் பாட வேண்டும்.

தோழர்களே! கித்தார் கையிலிருக்கும் இளைஞர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பறை அடிக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து இந்த உவர்மண்ணைப் பற்றி ஒரு தொகுப்பு இசைக்கட்டும். ஆனால் கடலம்மா காப்பாற்று என்று தொடங்க வேண்டாம். மிதிக்கும் கால்களின் தாளத்தில் தொடங்கட்டும். மழைமாதத்துப் பட்டினியைப் பாடட்டும். பட்டா கேட்டு அலைந்த மனுவைப் பாடட்டும். எவன் நஞ்சு கலக்கிறானோ அவன் பெயரைப் பாடட்டும். பாடலின் தலைப்பில், இசையமைத்தவர் பெயருக்குப் பக்கத்திலேயே, கதை தந்த உப்பளத்து அம்மாவின் பெயரும் அச்சாகட்டும். வருவாயில் அவர் பங்கும் எழுத்தில் இருக்கட்டும்.

மறுநாள் அதே ஏழாம் வகுப்பில், கரும்பலகையில் ‘புறம்போக்கு’ என்று பெரிதாக எழுதினேன். “நம் ஊரில் எவையெல்லாம் புறம்போக்கு? வீட்டில் கேட்டு வந்து சொல்லுங்கள்” என்றேன். அடுத்த நாள் வந்த பட்டியல் பலகையில் இடம் போதாமல் நீண்டது. குளம் என்றான் ஒருவன். ஓடை என்றாள் ஒருத்தி. சுடுகாடு, மேய்ச்சல் திடல், வலை காயும் கரை, நாங்கள் பந்தாடும் இடம்... “இதில் ஒன்றுக்கும் உதவாதது எது?” என்று கேட்டேன். எவனும் பதில் சொல்லவில்லை. முந்தாநாள் தலைகுனிந்திருந்தவன் மட்டும் எழுந்து, “எங்க வீட்ட விட்டுட்டீங்க, சார். அதையும் எழுதுங்க” என்றான்.

எழுதினேன்.